குடிபெயர்வோரும் கிட்டங்கி ஒப்பந்தமும்



ஊரை விட்டுப் புறப்படுபவனுக்கு இரண்டு கவலைகள் உண்டு. போகும் இடத்தில் வாழ்வு எப்படி அமையுமோ என்பது ஒன்று; விட்டுச் செல்லும் பொருளை யாரிடம் ஒப்படைப்பது என்பது மற்றொன்று. முன்னாளில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கச் சென்றோர், தம்முடைய பெட்டகங்களைத் தமையன் வீட்டிலோ தாய்மாமன் வீட்டிலோ வைத்துப் பூட்டித் திறப்பை மடியிற் செருகிக்கொண்டு கப்பலேறினர். பத்து ஆண்டு கழித்துத் திரும்பி வந்தபோதும் பெட்டகம் வைத்த இடத்திலேயே இருந்தது. வாடகை என்று எவரும் கேட்டதில்லை. எடுத்துச் செல்வதற்கு இத்தனை நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று எவரும் சொன்னதும் இல்லை.

இக்காலத்திலோ நிலைமை வேறு. நம்மவர் பலர் இலண்டன் மாநகரிலும் பிற நகரங்களிலும் வாழ்கின்றனர். அங்கே தமையன் வீட்டிலும் இடமில்லை. மாமன் வீட்டிலும் இடமில்லை. ஒருவர் ஒரு வீட்டைக் கைவிட்டு இன்னொரு வீட்டுக்கோ இன்னொரு நாட்டுக்கோ போகுமுன், இடைக்காலத்தில் தம் தளபாடங்களை வைப்பதற்கு ஓர் அறையை வாடகைக்குப் பெறுகிறார். 1960களில் அமெரிக்காவிற் பரவத் தொடங்கிய இந்த வணிகம் பின்னர் இங்கிலாந்திலும் வேரூன்றியது. பெரிய கட்டடம் ஒன்றை நூற்றுக்கணக்கான சிற்றறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் ஒரு கதவு வைத்து வாடகைக்கு விடுகிறார்கள். பூட்டு வாடிக்கையாளருடையது, திறப்பும் அவருடையது. உள்ளே இருப்பது யாது என்று கம்பனியார் பார்ப்பதில்லை.

வைப்பது எளிது, எடுப்பதில்தான் வழக்கு வருகிறது. அத்தகைய வழக்கு ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்தில் நேர்ந்தது. பொருள் நட்டம் என்று பார்த்தால் அது பெரிதன்று. ஆயினும் அதனால் யான் கற்றுக்கொண்டவை சில உண்டு. அவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். யான் நொத்தாரிசாகப் பல்லாண்டு கடமையாற்றி ஓய்வு பெற்றவன். பிறருக்கு உறுதி எழுதிக் கொடுத்தே தலை நரைத்தவன். அப்படிப்பட்டவன் தன் தமக்கையின் மகளுக்குச் சொன்ன புத்திமதி பிழையாகப் போன கதையும் இதனுள் அடங்கும்.

என் மருமகள் இலண்டனில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தாள். அவுஸ்திரேலியாவில், மெல்பேர்ண் நகரில், அவளுக்கு நல்ல உத்தியோகம் ஒன்று கிடைத்தது. வீட்டு வாடகை ஒப்பந்தம் முன்னரே முடிந்துவிட்டமையால், தன் பொருள்களை ஒரு கிட்டங்கி அறையில் வைத்துவிட்டுச் சிநேகிதி ஒருத்தியோடு தங்கியிருந்தாள். அறைக்கு வாடகை நான்கு கிழமைக்கு 140 பவுண். அதாவது நாளொன்றுக்கு 5 பவுண். உள்ளே இருந்தவை கட்டில், மேசை, புத்தகங்கள், பாத்திரங்கள், அவற்றோடு என் தமக்கையின் கைத்தையல் இயந்திரம். அதில் தைத்துத்தான் என் தமக்கை அவளைப் படிப்பித்தாள். தமக்கை காலமான பின்பு அந்த இயந்திரத்தை இவள் இலண்டனுக்கு எடுத்துச் சென்றிருந்தாள். கட்டிலும் மேசையும் போனால் போகட்டும் என்று விடலாம். அதை அப்படி விட முடியாது.

நிகழ்ந்தவற்றைத் திகதி வாரியாகக் கூறுகிறேன். இத்தகைய பிணக்குகளில் திகதியே உயிர்நாடி என்பதனால், நேயர்கள் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டும்.

ஏப்பிரல் மாதம் 1 ஆந் திகதி தொடக்கம் 28 ஆந் திகதி வரைக்குமான வாடகையை அவள் முற்பணமாகச் செலுத்தியிருந்தாள். அடுத்த நான்கு கிழமை தொடங்கும் நாள் ஏப்பிரல் 29. அவள் ஏப்பிரல் 10 ஆந் திகதி கிட்டங்கி அலுவலகத்தோடு தொலைபேசியிற் பேசி, 26 ஆந் திகதி பொருள்களை எடுத்துவிடுவேன் என்று சொன்னாள். மறுமுனையில் இருந்தவர் “சரி, நல்லது” என்றார். அவள் அதனோடு காரியம் முடிந்தது என்று இருந்துவிட்டாள். 19 ஆந் திகதி, வரப்போகும் நான்கு கிழமைக்கு வாடகை கட்டுமாறு நினைவூட்டல் ஒன்று வந்தது. அப்போதுதான் அவள் திடுக்கிட்டு, தான் வெளியேறப் போவதாக மின்னஞ்சல் எழுதினாள். 24 ஆந் திகதி நேரிற் சென்றபோது அலுவலகத்தார் ஒரு கணக்கைக் கையிற் கொடுத்தனர். புதிய நான்கு கிழமைக்கு 140 பவுண். ஒப்பந்தத்தை முடிவுறுத்தும் கட்டணம் 60 பவுண். ஆக மொத்தம் 200 பவுண். இதனைக் கட்டினாலன்றி லொறி உள்ளே வர வாயிற்கதவு திறக்கப்படமாட்டாது என்றனர். லொறி வரும் நாள் 26. விமானம் புறப்படும் நாள் 28.

அன்றிரவு, நம் நாட்டு நேரம் நள்ளிரவு கடந்த பின், அவள் என்னை அழைத்தாள்.

“மாமா, நான் பத்தாந் திகதியே சொல்லிவிட்டேன். அந்தப் பொடியனும் சரி என்றுதான் சொன்னான். இப்போது அப்படி ஒருவரும் சொல்லவில்லை என்கிறார்கள்” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. “பிள்ளை, ஒரு சதமும் கட்டாதே. இருபத்தெட்டாந் திகதி மட்டும் வாடகை கட்டிய அறை உன்னுடைய அறை. உன்னுடைய அறைக்குப் போக உன்னைத் தடுக்க அவர்கள் யார்? பொலிசைக் கூப்பிடு” என்று சொன்னேன்.

அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, “மாமா, நீங்கள் சொல்வது நியாயமாக இருக்கலாம். ஆனால் லொறி நாளை மறுநாள் வருகிறது. கப்பலில் இடம் எடுத்தாயிற்று. அம்மாவின் மெசின் உள்ளே கிடக்க நான் விமானம் ஏற முடியாது” என்றாள்.

நேயர்களே, நியாயம் என் பக்கம் இருந்தது; புத்தி அவள் பக்கம் இருந்தது. வாயிற்கதவில் நின்று வாதாடுபவனுக்கு நேரம் எதிரி. கம்பனிக்கு நாளையும் உண்டு, நாளை மறுநாளும் உண்டு. நாடு விட்டுப் போகிறவளுக்கு அவை இல்லை. அதனை அறிந்தே இத்தகைய கணக்குகள் கடைசி நாளிற் கையிற் கொடுக்கப்படுகின்றன என்று சொன்னால் அது முற்றிலும் மிகையாகாது. ஆகையால் நான் என் புத்திமதியை மீட்டுக்கொண்டு, ஒப்பந்தத்தை முழுவதும் வாசிக்கும்படி சொன்னேன். அவள் தொலைபேசியில் வாசிக்க, நான் கடதாசியிற் குறித்துக்கொண்டேன்.

ஒப்பந்தத்தில் எங்களுக்குப் பயன்பட்ட வாசகங்கள் மூன்று. முதலாவது, இரு பகுதியாரில் எவரும் 14 நாள் எழுத்து மூல முன்னறிவித்தல் கொடுத்து ஒப்பந்தத்தை முடிக்கலாம் என்பது. இரண்டாவது, வாடகை நான்கு கிழமைக்கு ஒருமுறை முற்பணமாகச் செலுத்தப்பட வேண்டும். தொடங்கிய காலப்பகுதிக்கு உரிய பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்பது. மூன்றாவது, பொருள்களை எடுத்து அறையை ஒப்படைத்த பின்னர், முன்னறிவித்தற் காலம் முடிந்ததற்கு அப்பாற்பட்ட நாள்களுக்குச் செலுத்திய பணம் திருப்பித் தரப்படும் என்பது. இரண்டாவது வாசகமும் மூன்றாவது வாசகமும் ஒன்றோடொன்று முரண்படுவதைக் கேட்கும்போதே நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அறுபது பவுண் முடிவுறுத்தற் கட்டணம் பற்றியோ ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லை. அது அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்த கட்டண அட்டவணை ஒன்றில் இருந்தது. 24 ஆந் திகதிதான் அவள் அதை முதன்முதலிற் கண்டாள்.

இனி இதன் சட்டத்தைச் சற்று ஆராய்வோம். முதற்கண் நமக்கு எதிரானதை ஒப்புக்கொள்வது முறை. ஒப்பந்தம் எழுத்து மூல அறிவித்தல் வேண்டும் என்கிறது. தொலைபேசியிற் சொன்னது எழுத்தன்று. “எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா” என்று நம் முன்னோர் கேட்டனர். கொடுத்த கடனுக்கு மாத்திரமன்று, கொடுத்த அறிவித்தலுக்கும் அது பொருந்தும். வாழ்நாள் முழுவதும் எழுத்தின் அருமையைப் பிறருக்குச் சொன்ன நொத்தாரிசின் மருமகள், எழுத வேண்டிய இடத்திற் பேசிவிட்டாள். ஆகவே எங்கள் கணக்கு 10 ஆந் திகதியிலிருந்து தொடங்காது. மின்னஞ்சல் எழுதிய 19 ஆந் திகதியிலிருந்தே தொடங்கும். 14 நாள் கூட்டினால் மே மாதம் 3 ஆந் திகதி. ஏப்பிரல் 28 வரைக்கும் பணம் கட்டியாயிற்று. எஞ்சியவை ஏப்பிரல் 29, 30, மே 1, 2, 3 ஆகிய ஐந்து நாள்கள். நாளுக்கு 5 பவுணாக 25 பவுண். இதனை அவள் கொடுக்கத்தான் வேண்டும். கம்பனி கேட்டது 200. அவள் கொடுக்க நினைத்தது ஒன்றுமில்லை. நியாயமாகக் கொடுக்க வேண்டியது 25. பெரும்பாலான பிணக்குகளின் உண்மை இப்படி இரு பகுதியாருக்கும் நடுவே எங்கோ ஒளிந்திருக்கிறது.

மற்றைய 175 பவுணுக்கு வருவோம். இங்கிலாந்தில் 2015 ஆம் ஆண்டின் பாவனையாளர் உரிமைகள் சட்டம் இப்பொருள் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. அதன் 62 ஆம் பிரிவு, நியாயமற்ற நியதி பாவனையாளரைக் கட்டுப்படுத்தாது என்கிறது. நல்லெண்ணத்துக்கு மாறாக, இரு பகுதியாரின் உரிமைகளிலும் கடமைகளிலும் பாவனையாளருக்குப் பாதகமான பெரிய ஏற்றத்தாழ்வை உண்டாக்கும் நியதியே நியாயமற்ற நியதி. 68 ஆம் பிரிவு, எழுதப்பட்ட நியதிகள் தெளிவாகவும் விளங்கும் நடையிலும் வாசிக்கத்தக்கனவாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. 69 ஆம் பிரிவு எங்களுக்கு மிகவும் உதவியது. ஒரு நியதிக்கு வெவ்வேறு பொருள் கொள்ள இடமிருந்தால், பாவனையாளருக்கு மிகவும் சாதகமான பொருளையே கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. பணம் திரும்பாது என்று ஓர் இடத்திலும், திரும்பும் என்று இன்னோர் இடத்திலும் எழுதி வைத்தவர், திரும்பும் என்ற சொல்லுக்கே கட்டுப்பட வேண்டும். எழுதுகோலைக் கையில் வைத்திருந்தவன், எழுத்தில் உள்ள குழப்பத்தின் பயனை அனுபவிக்கக்கூடாது என்பது இதன் உட்கருத்து.

சுவரில் ஒட்டிய 60 பவுண் கட்டணத்துக்கு இன்னும் பழைய விடை ஒன்று உண்டு. 1949 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒலி என்ற பெண்மணியின் வழக்கைத் தீர்த்தது. அவர் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தார். அவருடைய உரோம ஆடைகள் அறையிலிருந்து களவு போயின. படுக்கையறைச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. களவுக்கு ஹோட்டல் பொறுப்பேலாது என்று அது கூறியது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஒப்பந்தம் கீழே வரவேற்பு மேசையில் முடிந்துவிட்டது. அதன் பின்னர் மாடியிற் கண்ட அறிவித்தல் அதனுள் நுழைய முடியாது என்று தீர்த்தது. கையொப்பமிட்டுப் பல மாதங்களின் பின் சுவரிற் கண்ட கட்டணமும் அத்தகையதே.

கிட்டங்கி பற்றியே எழுந்த புகழ்பெற்ற வழக்கு ஒன்றும் உண்டு. 1956 ஆம் ஆண்டுத் தீர்ப்பு அது. பிராட்சோ என்ற வணிகர் எட்டுப் பீப்பாய் தோடம்பழச் சாற்றை ஸ்பேர்லிங் கம்பனியின் கிட்டங்கியில் வைத்தார். திரும்ப எடுத்தபோது பீப்பாய்கள் பழுதடைந்திருந்தன. அவர் வாடகை கொடுக்க மறுத்தார். கம்பனி வழக்கிட்டது, அவர் நட்டஈடு கேட்டு எதிர்வழக்கிட்டார். தம்முடைய கவனக்குறைவால் ஏற்படும் நட்டத்துக்கும் தாம் பொறுப்பல்லர் என்று கம்பனியார் தம் பத்திரத்தில் அச்சிட்டிருந்தனர். அத்தகைய பத்திரங்களை முன்னரும் பன்முறை பெற்றிருந்தமையால், பிராட்சோவுக்கு அந்நிபந்தனை பொருந்தும் என்று தீர்ப்பாயிற்று. வென்றது கிட்டங்கியே. ஆயினும் நீதியரசர் டெனிங் அந்தத் தீர்ப்பிலே ஒரு கருத்தைச் சேர்த்துச் சொன்னார். சில நிபந்தனைகள் அத்துணைக் கடுமையானவை. அவற்றைச் சிவப்பு மையில் அச்சிட்டு, சிவந்த கை ஒன்று அவற்றைச் சுட்டிக்காட்டும்படி வரைந்தாலன்றிப் போதிய அறிவித்தல் ஆகாது என்பது அக்கருத்து.

அன்று வழிப்பேச்சாகச் சொல்லப்பட்ட அந்தச் சிவந்த கை, முப்பது ஆண்டு கழித்து உண்மையாகவே நீண்டது. விளம்பர நிறுவனம் ஒன்று புகைப்பட நூலகத்திடமிருந்து 47 படச்சுருட் படங்களை இரவல் பெற்றது. அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சுமார் இரண்டு கிழமை தாமதமாயிற்று. நூலகம் ஒரு படத்துக்கு நாளொன்றுக்கு 5 பவுண் வீதம் கணக்கிட்டு 3,783 பவுண் 50 பென்சு கேட்டது. அந்நிபந்தனை விநியோகத் துண்டில் அச்சிடப்பட்டே இருந்தது. எனினும் 1987 ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம், இத்துணைக் கடுமையான நிபந்தனையை எதிர்ப்பகுதியாரின் கண்ணிற் படுமாறு எடுத்துக்காட்டியிருக்க வேண்டும் என்று கூறி, படமொன்றுக்குக் கிழமைக்கு மூன்றரைப் பவுண் மாத்திரமே நியாயம் என்று தீர்த்தது.

இவற்றைக் கேட்டு, கட்டணம் என்று எது வந்தாலும் மறுக்கலாம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. 2015 ஆம் ஆண்டு ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம், வாகனத் தரிப்பிடம் ஒன்றில் அனுமதித்த இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டியை நிறுத்தியவர் 85 பவுண் கட்டியே ஆக வேண்டும் என்று தீர்த்தது. அங்கே அறிவித்தற் பலகைகள் பெரிய எழுத்தில், எவரும் காணுமாறு நாட்டப்பட்டிருந்தன. கட்டணம் விதித்ததற்கு ஏற்ற காரணமும் இருந்தது. ஆகவே கட்டணம் கசப்பானது என்பதனால் அது செல்லாததாகிவிடாது. முன்னரே தெளிவாகச் சொல்லப்பட்டதா, காரணத்தோடு ஒட்டியதா என்பவையே கேள்விகள். பதினான்கு நாள் முன்னறிவித்தல் நியாயமானது. அறையை அடுத்தவருக்குக் கொடுக்கக் கம்பனிக்கும் அவகாசம் வேண்டும் அல்லவா? அந்த ஐந்து நாளுக்குரிய 25 பவுணை நாங்கள் மறுக்காமைக்குக் காரணம் அதுவே.

இனி நிகழ்ந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மறுநாட் காலை அவள் 200 பவுணையும் கட்டினாள். ஆனால் கட்டுமுன் ஒரு மின்னஞ்சல் எழுதினாள்: இத்தொகை என்னிடமிருந்து வரவேண்டியது என்று நான் ஏற்கவில்லை, என் பொருள்களை எடுப்பதற்காக எதிர்ப்புடன் செலுத்துகிறேன், திருப்பிக் கேட்கும் உரிமையை வைத்துக்கொள்கிறேன் என்பது அதன் சாரம். மூன்றே வாசகம். அதன் பின் பற்றுச்சீட்டை வாங்கினாள். 26 ஆந் திகதி லொறி வந்தது. பொருள் எல்லாம் ஏறிய பின்னர், கூட்டித் துடைத்த வெற்றறையை நான்கு பக்கமும் படம் பிடித்தாள். தன் பூட்டைக் கழற்றிக்கொண்டாள். அறை ஒப்படைக்கப்பட்டது என்று அலுவலகத்தாரிடம் எழுத்தில் வாங்கினாள். தையல் இயந்திரம் கப்பலேறிற்று. இரண்டு நாளில் அவளும் விமானம் ஏறினாள்.

மெல்பேர்ண் சென்று ஒரு கிழமையின் பின்னர், வழக்குக்கு முற்பட்ட கடிதம் ஒன்றை இருவருமாக எழுதினோம். அதில் வசைமொழி ஒன்றும் இல்லை. திகதிகள், தொகைகள், ஒப்பந்தத்தின் மூன்று வாசகங்கள், சட்டத்தின் பிரிவுகள் ஆகியவற்றை மாத்திரம் வரிசையாக எழுதி, 25 பவுண் கொடுக்க வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டு, 175 பவுணை 14 நாளில் திருப்பித் தருமாறு கேட்டோம். முதலில் நாங்கள் ஒப்புக்கொண்ட அந்த 25 பவுணே எங்கள் கடிதத்துக்கு வலிமை தந்தது என்று எண்ணுகிறேன். தன் பிழையை ஒப்புக்கொள்பவன் மற்றதைச் சொல்லும்போது கேட்பவர் காது கொடுக்கிறார்.

பதினோராம் நாள் 115 பவுண் அவளுடைய கணக்கில் வந்தது. சுவர்க் கட்டணமாகிய 60 பவுண் வரவில்லை. அதற்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியதாயிற்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் 10,000 பவுண் வரைக்குமான பணக் கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை முறையில், சட்டத்தரணி இன்றியே, மாவட்ட நீதிமன்றத்தில் இடலாம். அவ்வாறு இடத் தயங்கமாட்டோம் என்று அதிற் குறித்தோம். உண்மையைச் சொன்னால், மெல்பேர்ணில் இருந்துகொண்டு 60 பவுணுக்காக இலண்டன் நீதிமன்றம் ஏறுவது எளிதன்று என்பதை அவளும் அறிவாள், நானும் அறிவேன். நல்ல வேளையாக அதற்கு அவசியம் நேரவில்லை. நல்லெண்ண அடிப்படையில் தருகிறோம், பொறுப்பை ஏற்கவில்லை என்ற குறிப்போடு அந்தப் பணமும் வந்து சேர்ந்தது. அந்தக் குறிப்பைப் பற்றி நாங்கள் வாதிடவில்லை.

நேயர்களே, இதிலிருந்து பெறத்தக்க பாடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அறை எடுக்கும் நாளிலேயே, அதை விடும் நாளைப் பற்றிக் கேளுங்கள். முன்னறிவித்தல் எத்தனை நாள், எழுத்தில் வேண்டுமா, வாடகைக் காலம் தொடங்கும் நாளோடு அது பொருந்த வேண்டுமா, மீந்த நாளுக்குப் பணம் திரும்புமா, முடிவுறுத்தற் கட்டணம் ஏதும் உண்டா என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள். பயணத் திகதி உறுதியான அன்றே, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி அறிவித்தலை எழுதுங்கள். தொலைபேசியிற் பேசினால், பேசிய அன்றே “இன்று இன்னாரோடு பேசியபடி” என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

வங்கிக் கணக்கிலிருந்து தானாகச் செல்லும் பணத்தை நிறுத்திவிட்டால் ஒப்பந்தமும் முடிந்துவிடும் என்று எண்ணாதீர்கள். பணம் நிற்கும், கடன் நிற்காது. உங்கள் பொருள் அவர்களுடைய கூரையின் கீழ் இருக்கும்போது கடன் வளர விடுவது ஆபத்து. வாடகை நிலுவையானால் பொருளை விற்கும் அதிகாரத்தை ஒப்பந்தங்களில் எழுதி வைப்பது வழக்கம். அறிவித்தல்கள் நீங்கள் கைவிட்ட வீட்டு முகவரிக்குப் போய்க் கிடக்கும். ஆகவே புதிய முகவரியை எழுத்தில் அறிவியுங்கள். திருப்பி வரவேண்டிய பணம் வந்து சேரும் வரை அந்நாட்டு வங்கிக் கணக்கை மூடாதீர்கள். என் மருமகள் மூடுவதாகத்தான் இருந்தாள். நல்ல காலம், மூடவில்லை.

பிணக்கு வந்தால் முதலிற் பொருளை மீட்டுக்கொள்ளுங்கள். பிறகு வழக்கைப் பேசுங்கள். எதிர்ப்புடன் செலுத்துகிறேன் என்று எழுதிச் செலுத்திய பணத்தைப் பின்பு கேட்கலாம். கடலுக்கு அப்பால் விட்டுப்போன பொருளைக் கேட்பது அரிது. ஆலோசனை வேண்டுமாயின் இங்கிலாந்தில் சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்ற தரும நிறுவனம் உண்டு. 1939 ஆம் ஆண்டு போர் தொடங்கியபோது பொதுமக்களின் இடர் தீர்க்க ஆரம்பிக்கப்பட்ட அந்நிறுவனம் இன்றும் இலவசமாக ஆலோசனை வழங்குகிறது.

நம் நாட்டிலே இதே நிலை நேர்ந்தால் என்ன என்று கேட்பீர்கள். ஒப்பந்தப் பொறுப்பை அளவுமீறி விலக்கும் நியதிகளை மட்டுப்படுத்த 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டம் இங்கு உண்டு. பாவனையாளர் முறைப்பாடுகளைக் கேட்க, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும் உண்டு. ஆனால் எந்த நாட்டுச் சட்டமாயினும், எழுதி வைத்திருப்பவனுக்கே எளிதில் துணை செய்யும்.

சென்ற ஆண்டு மருமகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மெல்பேர்ணில் அவள் வீட்டு யன்னலோரத்தில் அந்தத் தையல் இயந்திரம் இருக்கிறது. அருகே அவளுடைய சின்ன மகள், சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கிறாள். அன்றிரவு நான் சொன்ன புத்திமதியை அவள் கேட்டு நடந்திருந்தால், நூற்றெழுபத்தைந்து பவுண் வழக்கில் ஒருவேளை வென்றிருப்போம். அந்தப் படம் மட்டும் வந்திராது. யான் கற்றுக்கொண்டது அதுவே.